வீணாகக் கடலில் கலக்கும் தண்ணீரைப் பார்க்கப் போனோம்

ஆவணி பிறந்தால் எங்களுக்குக் கல்யாணமாகி 25 வருடம். பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் காலண்டரைப் பார்த்துவிட்டு, "ஆகஸ்ட் 15 வெள்ளி, 16 கிருஷ்ண ஜெயந்தி, 17 ஞாயிறு. மூணு நாள் சேர்ந்தாப்ல லீவு. நான் வந்து மாட்டப் பார்த்துக்கறேன், நீங்களும் அம்மாவும் கடலோரமா எங்கயாவது போய்ட்டு வாங்க" என்றான். பாண்டிச்சேரியில் கடலைப் பார்த்த அறை ஒன்றை போனில் காட்டினான். ஒரு ராத்திரி வாடகை, மூன்று மூட்டை நெல் விலை. அதுவும் போகட்டும், அவன் ஆசையாகக் கொடுக்கிறான்.

என் மனைவிதான் வேண்டாம் என்றாள். "நம்ம ஆத்துத் தண்ணி கடல்ல போய்ச் சேர்ற எடத்த நான் பார்த்ததே இல்லீங்க. அங்க போலாம்."

எங்கள் நிலம் தாமரைப்பாக்கம் அணைக்கட்டுக்கு மேற்கே, கொசஸ்தலை ஆற்றங்கரையில் இருக்கிறது. மூன்றரை ஏக்கர், ஒரு கிணறு, அதற்குள் இறக்கிய ஒரு போர். ஆறு எண்ணூரில் கடலில் சேருகிறது என்பது பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். 53 வயதாகியும் போய்ப் பார்த்ததில்லை. எண்ணூர் என்றால் புகைபோக்கி, கன்டெய்னர் லாரி. அங்கே வெள்ளிவிழாவா என்று அக்கம்பக்கத்தில் சிரித்தார்கள். சொர்ணவாரி அறுத்து நெல்லை ஏற்றியாகிவிட்டது, சம்பாவுக்கு நாற்றங்கால் விட இன்னும் பத்து நாள் இருந்தது. கிளம்பிவிட்டோம்.

கிளம்புவதற்கு முந்தைய வாரம் நடந்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். டேங்கர் லாரி வைத்திருக்கும் ஒருவர் வீட்டுக்கு வந்து, கிணற்றுத் தண்ணீரைக் கேட்டார். மாதாமாதம் கையில் பணம். அவர் சொன்ன தொகை, நான் ஒரு போகம் நெல் போட்டு மிச்சம் பிடிப்பதைவிட அதிகம். யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பினேன். 2003, 2004 வறட்சியில் சென்னையே தண்ணீருக்குத் தவித்தபோது நானும் விற்றிருக்கிறேன். ஒரே கோடையில் கிணறு தரை தட்டியது. அதை ஆழப்படுத்திப் போர் இறக்க, மனைவியின் ஐந்து பவுன் சங்கிலி அடகுக்குப் போனது. இனிமேல் தண்ணீரை விற்க மாட்டேன் என்று அன்றைக்கு அவளிடம் சொன்னேன். டேங்கர்காரர் வந்துபோனதை அவளும் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை திருவள்ளூரில் ரயிலேறி சென்ட்ரல், அங்கிருந்து கும்மிடிப்பூண்டி வண்டியில் திருவொற்றியூர். மெட்ரோவும் இப்போது விம்கோ நகர் வரை ஓடுகிறது. வயதானவர்களோடு போகிறவர்களுக்கு அது வசதி, தேரடி ஸ்டேஷனில் இறங்கினால் கோயில் பக்கம்.

அன்றைக்கு ஆடி கடைசி வெள்ளி என்பதை நாங்கள் கணக்கில் வைக்கவில்லை. வடிவுடையம்மனுக்கு வரிசை தெருவில் நின்றது. வழியெல்லாம் கூழ் ஊற்றுகிறார்கள். கேழ்வரகுக் கூழ், முருங்கைக்கீரை, ஒரு துண்டு கருவாடு. எங்கள் ஊரில் கேழ்வரகு போடுகிறவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குக் குறைந்துவிட்டார்கள். நகரத்தில் அண்டா அண்டாவாக ஓடுகிறது!

இந்தக் கோயிலில் மூலவர் ஆதிபுரீஸ்வரர் புற்று வடிவம். வருடம் முழுவதும் கவசத்துக்குள்தான் இருப்பார், கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் மட்டும் கவசம் திறப்பார்கள். ஒற்றியூரில் விளக்கெரித்த கலிய நாயனார் செக்கு ஆட்டி எண்ணெய் விற்றவர், நம்ம கூட்டம். ஆனால் கல்யாண நாளுக்கு வந்தவர்களுக்கு இந்த ஊரில் பார்க்க வேண்டியது மகிழமரம்தான். திருவாரூரில் பரவையாரை மணந்திருந்த சுந்தரர், இங்கே வந்து சங்கிலியாரை மணந்தார். உன்னைப் பிரியமாட்டேன் என்று சத்தியம் செய்ய வேண்டும். சன்னிதியில் சத்தியம் செய்தால் தப்ப முடியாதே என்று, அந்த நேரத்துக்குக் கோயிலை விட்டு மகிழமரத்தடிக்குப் போய்விடும்படி சிவனிடமே கேட்டுக்கொண்டார். சிவனோ சங்கிலியின் கனவில் போய் விஷயத்தைச் சொல்லிவிட்டார். தோழிகள், "சாமி முன்னால வேண்டாம், மகிழமரத்தடியில செய்யுங்க" என்றார்கள். மாட்டிக்கொண்டார். கொஞ்ச நாளில் திருவாரூர் ஞாபகம் வந்து கிளம்பினவருக்கு, ஊர் எல்லை தாண்டியதும் இரண்டு கண்ணும் போனது. மாசித் திருவிழாவில் மகிழடி சேவை என்று இதை இன்றைக்கும் நடத்துகிறார்கள்.

மரத்தடியில் நின்று இந்தக் கதையை நான்தான் அவளுக்குச் சொன்னேன். சொல்லி முடித்த பிறகுதான் யாருடைய கதையைச் சொல்கிறேன் என்று உறைத்தது. அவள், "கண்ணு போனாலும் போச்சு, பாவம்" என்று மட்டும் சொல்லி, தரையில் கிடந்த பழுத்த இலை ஒன்றை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

கோயில் பக்கத்திலேயே ஒரு லாட்ஜ். சாயங்காலம் கடற்கரைக்கு நடந்தோம். கரை என்று சொன்னேனே தவிர, மணல் கிடையாது. பெரிய பெரிய கருங்கல்லைக் கொட்டி வைத்திருக்கிறார்கள், அலை அதில்தான் மோதுகிறது. காரணம் தெற்கே இருக்கிறது. இந்தக் கரையில் கடல் வருடத்தில் பெரும்பகுதி மணலைத் தெற்கிலிருந்து வடக்காகத் தள்ளிக்கொண்டு போகும். 1870களில் சென்னைத் துறைமுகத்துக்குச் சுவர் கட்டத் தொடங்கினார்கள். மணல் அந்தச் சுவரில் தடுத்து தெற்குப் பக்கம் நின்றது, மெரினா அகலமானது. வடக்கே ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் வர வேண்டிய மணல் வராததால் கடல் கரையை அரித்தது. வாய்க்காலில் மேல்மடைக்காரர் அடைத்துக்கொண்டால் கடைமடை காய்கிற அதே கதை. மெரினாவில் சுண்டல் தின்றபோதெல்லாம் இது எனக்குத் தெரியாது.

சனிக்கிழமை விடியுமுன் காசிமேடு போனோம். விசைப்படகுகள் வந்து நிற்க, கூடைகூடையாக ஏலம். வஞ்சிரம், சங்கரா, கடம்பா, நெத்திலி, நண்டு, இறால். ஏலக்காரர் விலை சொல்லும் வேகம் எனக்குப் பிடிபடவில்லை. ஆனால் படகுக்காரர்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிற விதம் நன்றாகப் பிடிபட்டது. கோயம்பேட்டில் கத்தரிக்காய் மூட்டையை இறக்கிவிட்டு நான் நிற்பது அப்படித்தான். டீசலும் ஐஸும் நம் உரமும் கூலியும் மாதிரி முன்பணம், விலை மட்டும் அடுத்தவர் வாயில். மீன் வெட்டிக்கொடுத்த அம்மா, "இன்னிக்கு கிஷ்ண ஜெயந்தி, கூட்டமே இல்ல. நாளைக்கு வந்து பாரு, நிக்க எடம் இருக்காது" என்றார். அதுவே எங்களுக்குத் திருவிழாக் கூட்டமாகத்தான் இருந்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது, மீன் இனப்பெருக்கத்துக்காக. நிலத்துக்கு அப்படி ஒரு தரிசு விட நம்மில் எத்தனை பேருக்கு இன்று மனசு வருகிறது?

நெத்திலிக் கருவாடு இரண்டு கிலோ வாங்கிக்கொண்டு ராயபுரம் ஸ்டேஷன் பார்க்கப் போனோம். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று இங்கிருந்துதான் வாலாஜா ரோடு வரை ஓடியது. எங்கள் திருவள்ளூர் வழியாகத்தான். தூண் வைத்த பழைய கட்டடம் இன்னும் நிற்கிறது. ராயபுரம் என்ற பெயரே புனித ராயப்பர், அதாவது பீட்டர், பெயரால் வந்தது. இரவு பீச் ஸ்டேஷன் எதிரே பர்மாவிலிருந்து திரும்பியவர்கள் கொண்டுவந்த அத்தோ சாப்பிட்டோம். நூடுல்ஸ், முட்டைக்கோஸ், புளித்தண்ணீர், பொரித்த வெங்காயம் எல்லாம் கையால் பிசைந்து கொடுக்கிறார்கள், கூடவே வாழைத்தண்டு சூப். தார் வெட்டியதும் நாம் வரப்பில் வீசுகிற தண்டு. மனைவி இரண்டாவது கிண்ணம் கேட்டு வாங்கினாள். இந்தப் பயணத்தில் அவள் நன்றாகச் சிரித்தது அங்கேதான்.

ஞாயிற்றுக்கிழமை, ஆவணி 1. எண்ணூர்.

முகத்துவாரத்துக்கு ஷேர் ஆட்டோ இருக்கிறது. இறங்கி நடந்தால் ஒரு பக்கம் கடல், எதிர்ப்பக்கம் காமராஜர் துறைமுகத்தின் கிரேன்கள், மேற்கே அனல்மின் நிலையப் புகைபோக்கிகள், நடுவே எங்கள் ஆறு. தாமரைப்பாக்கத்தில் ஆகஸ்டில் வெறும் மணலாகக் கிடக்கிற ஆறு, இங்கே அகலமாகத் தண்ணீரோடு இருந்தது. அது கடல் தண்ணீர். படகு வைத்திருந்த ஒருவரிடம் கொஞ்சம் உள்ளே கூட்டிப்போகச் சொன்னோம். எந்த ஊர் என்று கேட்டார். சொன்னதும் துடுப்பை நிறுத்தினார்.

"பூண்டிக்குக் கீழயா? அப்ப நீங்கதான் எங்களுக்கு மேல்தண்ணிக்காரங்க!"

அவர் பேசியதை என்னால் முழுதாக எழுத முடியாது, எழுதினால் இதழ் போதாது. இந்தக் கழிமுகத்தில் இறாலும் நண்டும் மடவையும் பிடித்துப் பிழைத்தவர்கள் அவர்கள். கையால் தடவியே இறால் பிடிப்பார்களாம். எண்ணூர் அனல்மின் நிலையம் 1970இல் ஓடத் தொடங்கி 2017இல் மூடப்பட்டது. அதற்குள் ஆற்றின் வடகரையில் வேறு மின் நிலையங்கள் வந்துவிட்டன. நிலக்கரிச் சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குழாயில் அனுப்புகிறார்கள், குழாய் உடைந்த இடங்களில் சாம்பல் ஆற்றில் படிந்தது. துடுப்பை அடியில் குத்தி எடுத்துக் காட்டினார், சாம்பல் நிறச் சேறு. மூங்கில் கழி இறங்குகிற ஆழம் இருந்த இடத்தில் இப்போது முழங்கால் அளவு என்றார். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி சுத்திகரிப்பு ஆலைப் பகுதியிலிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாக இங்கே வந்து படர்ந்தது. மீனவர்கள் வாளியிலும் மக்கிலும் எண்ணெயை மொண்டார்கள். அரசு குடும்பத்துக்கு 12,500 ரூபாய் கொடுத்தது. அந்த மாதமே 26ஆம் தேதி நள்ளிரவு, கப்பலிலிருந்து உர ஆலைக்கு அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு. பெரியகுப்பம் சனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். போதாததற்கு காக்கா ஆழி என்று வெளிநாட்டு மட்டி ஒன்று அடியில் பாய் விரித்த மாதிரி பரவி, இறால் மேயும் மண்ணை மூடுகிறது.

நான் ஒன்றும் பேசவில்லை. எங்கள் போர் மோட்டாருக்குக் கட்டணமில்லாத மின்சாரம். அடியுரமாக நான் போடும் 20:20:0:13 இந்த எண்ணூரில் தயாராவது. அவர் யாரையும் குறை சொல்லும் குரலில் பேசவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.

மனைவி கேட்டாள்: "வெள்ளம் வந்தா உங்களுக்குக் கஷ்டந்தானேண்ணே?"

"இன்னாக்கா அப்டி கேட்டுட்ட? வெள்ளம் வந்தாத்தான் நாங்க பொழப்போம். மேலருந்து தண்ணி வேகமா வந்தாத்தான் முகத்துவாரத்து மண்ண அடிச்சிக்கினு போவும். சாம்பலையும் கொஞ்சம் இழுத்துக்கினு போவும். நல்ல தண்ணி உப்புத் தண்ணியோட கலந்தாத்தான் எறா குஞ்சு வளரும். நீங்க அணையில புடிச்சி வெச்சிக்கினா, எங்களுக்கு வாய் அடைஞ்சிக்கும்."

மழைக்காலத்தில் ஒவ்வொரு வருடமும் நான் சொல்கிற வாக்கியம் ஒன்று உண்டு. நீங்களும் சொல்லியிருப்பீர்கள். குறைதீர் கூட்டத்தில் மனுவாகவே எழுதிக் கொடுத்திருக்கிறேன்: 'பல்லாயிரம் கனஅடி நீர் வீணாகக் கடலில் கலக்கிறது.' அந்தக் கடைசி இரண்டு வார்த்தை இறங்குகிற இடத்தில் படகில் உட்கார்ந்திருந்தேன். தடுப்பணை வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. 1944இல் பூண்டி ஏரி வந்ததிலிருந்து இந்த ஆற்றின் தண்ணீரில் பெரும் பங்கு சென்னைக் குடிநீருக்குப் போகிறது, அதற்குக் கீழே தாமரைப்பாக்கத்திலும் வல்லூரிலும் அணைக்கட்டுகள், இவற்றை நம்பித்தான் நாங்களும் இருக்கிறோம். ஆனால் கடலில் சேர்கிற தண்ணீருக்கும் ஒரு ஆயக்கட்டு இருக்கிறது, அதற்குப் பட்டா மட்டும்தான் இல்லை.

படகுக்குக் கூலி வாங்க மறுத்தார். கட்டாயப்படுத்திக் கொடுத்தோம்.

ஊர் திரும்ப, எண்ணூரில் ரயிலேறி மீஞ்சூரில் இறங்கினோம். ரயில் ஆற்றுப் பாலத்தைக் கடக்கும்போது மனைவி எழுந்து வாசலில் போய் நின்றாள். மீஞ்சூர்ப் பக்கம் எனக்குத் தெரிந்த விவசாயி ஒருவர் இருக்கிறார், வருடக்கணக்காகக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தவர். அவர் கிணற்றுத் தண்ணீரை ஒரு சொம்பில் கொடுத்தார். வாயில் வைத்ததும் துப்பிவிட்டேன். கடலிலிருந்து ஐந்தாறு மைல் உள்ளே இருக்கிறது அந்தக் கிணறு.

இந்தப் பகுதியின் மணற்பாங்கான அடிநிலத்தில் நல்ல தண்ணீர் ஏராளம் இருந்தது. 1960களின் கடைசியிலிருந்து மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம், பூண்டி என்று வரிசையாகக் கிணற்று வயல்கள் அமைத்து நகரத்துக்கும் மணலித் தொழிற்சாலைகளுக்கும் எடுத்தார்கள், நாமும் மூன்று போகத்துக்கு எடுத்தோம். நிலத்தடியில் நன்னீரும் கடல்நீரும் எதிரெதிரே தோளோடு தோள் முட்டிக்கொண்டு நிற்கின்றன. நன்னீர் மட்டம் உயரமாக இருக்கும்வரை அது கடலைத் தள்ளிப் பிடித்திருக்கும். மட்டம் கீழே இறங்கினால் கடல் உள்ளே வரும். அப்போது கரையிலிருந்து 3 கிலோமீட்டர் அளவில் இருந்த உப்பு, பிறகு 10 கிலோமீட்டர் தாண்டி வந்துவிட்டது. உப்பு ஏறிய மண்ணடியை மீண்டும் நன்னீராக்க ஒரு தலைமுறை மழைகூடப் போதாது. 2010இல் காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் வந்தது, ஒரு நாளைக்கு 10 கோடி லிட்டர். அடியில் இருந்த இனிப்புத் தண்ணீரை இறைத்துவிட்டு, கடலைச் சுத்தம் செய்து குடிக்கிறோம்.

நண்பர் மூன்று ஏக்கரில் இரண்டைக் கன்டெய்னர் நிறுத்த வாடகைக்கு விட்டுவிட்டார். "நானும் டேங்கருக்கு வித்தவன்தான்" என்றார், கேட்காமலே. அவர் சம்சாரம் எங்களுக்குக் கல்யாண நாள் என்று தெரிந்து கேசரி கிளறினார். கேன் தண்ணீரில்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது, அவள் தூங்குகிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பெரியபாளையம் தாண்டியதும், "வெக்க மாட்டேன்னு அவருகிட்ட சொல்லிடுங்க" என்றாள். விற்க மாட்டேன் என்பதைத்தான் எங்கள் வீட்டில் அப்படிச் சொல்வோம். சரி என்றேன்.

அடுத்த நாளே கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதனைக்கு எடுத்தேன். கிணறு உப்பாகிறதே என்று இந்த இதழின் கேள்வி பதில் பகுதியில் அடிக்கடி கேட்கிறார்கள், அதனால் சொல்கிறேன். மோட்டாரைக் கால் மணி நேரம் ஓடவிட்டு, அதே தண்ணீரில் மூன்று முறை அலசிய சுத்தமான பாட்டிலில் ஒரு லிட்டர் பிடித்து, பெயர், சர்வே எண், ஆழம், தேதி எழுதி ஒட்டி, அன்றே மண் பரிசோதனை நிலையத்தில் கொடுங்கள். உர பாட்டில், எண்ணெய் பாட்டில் ஆகாது. முடிவில் மின்கடத்தும் திறன் என்று ஒரு எண் வரும். 0.75 டெசிசைமனுக்குள் இருந்தால் பயமில்லை. அதிலிருந்து 2.25 வரை வடிகால் வசதியும் பயிர்த் தேர்வும் பார்த்துத்தான் பாய்ச்ச வேண்டும். அதற்கு மேல் போனால் நெல்லுக்கு ஆகாது. கோடையில் ஒன்று, மழைக்குப் பின் ஒன்று என வருடம் இரண்டு முறை எடுத்து நோட்டில் எழுதிவைத்தால்தான் ஏறுகிறதா இறங்குகிறதா என்று தெரியும். எங்களுடையது 0.9. ஒப்பிட்டுப் பார்க்க என்னிடம் பழைய எண் இல்லை, 25 வருடத்தில் ஒருமுறைகூட எடுக்கவில்லை.

டேங்கர்காரரிடம் முடியாது என்று சொல்லிவிட்டேன். அவர் கோபப்படவில்லை. வடக்குக் கொல்லைக்காரர் ஒத்துக்கொண்டுவிட்டாராம், அவர் போர் எங்கள் வரப்பிலிருந்து அறுபது அடி. இரண்டு போருக்கும் கீழே இருப்பது ஒரே தண்ணீர்தான்.

வடக்குக் கொல்லைக்காரருக்கு மகள் கல்யாணம் நெருங்குகிறது, பணத்தேவை எங்களுக்கும் தெரியும். நெத்திலிக் கருவாட்டில் ஒரு கிலோவை அவர் வீட்டுக்கென்று மனைவி தனியாகக் கட்டி வைத்திருக்கிறாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் போய்ப் பேசலாம் என்று இருக்கிறோம். நாற்றங்கால் விட்டாகிவிட்டது.